வடம் ஓட வேண்டும்

அண்ணியின் இடுப்புப் பட்டையில், பக்கிள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு வெளிறிய கோடு உண்டு. அன்று காலை பக்கிள் அந்தக் கோட்டைத் தாண்டி மூன்று விரல் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

“பாத்தியா, இது உங்கண்ணன் மகன் எனக்குப் போட்ட மூணு விரல்,” என்று சொல்லிக்கொண்டே அண்ணி வாரை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். “சும்மா நிக்காத. இழுத்துப் பாரு.”

இழுத்துப் பார்த்தேன். தொடைவார் இரண்டு, இடுப்பு ஒன்று, வயிற்றுக்கு முன்னால் தொங்கும் வளையம் ஒன்று. பிறகு கொக்கிகள். ஒவ்வொன்றையும் திறந்து விட்டு, தானாக மூடிப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்தேன். மாட்டியவள் தானே சரிபார்த்துக்கொண்டு ஏறக் கூடாது. இன்னொரு கை தொட்டுப் பார்த்தாக வேண்டும். எங்கள் வேலையில் அது சட்டம் மாதிரி. எல்லாம் பார்த்து முடித்து அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். தட்டினால் ஏறலாம் என்று பொருள்.

பதினொரு மாதம் கழித்து அன்றுதான் அவள் மீண்டும் மரம் ஏறுகிறாள்; அதுவரை தரையில் நின்றே கழிவாளுக்கு எட்டும் கிளைகளை மட்டும்தான் எடுத்தோம். ஒருவேளை கடைசித் தடவையாகவும் இருக்கலாம் என்பது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும்.

எங்களுடையது மர வேலை. பட்டுப்போன கிளையை எடுப்போம், கம்பியில் உரசுவதை நறுக்குவோம், வீட்டின் மேல் சாயப் பார்ப்பதைத் துண்டு துண்டாக இறக்குவோம். ஏறுவது அண்ணி. அண்ணனுக்கு ஏணியில் மூன்றாவது படியிலேயே தலை சுற்றும். அதனால் கீழே நின்று வடம் பிடிப்பது அவன். அவர்கள் சந்தித்ததே அப்படித்தான். வேறொரு குழுவில் இருவரும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவள் மேலே, அவன் கீழே. “அண்ணாந்து பாத்தே பொண்ணு பாத்து முடிச்ச ஒரே மாப்பிள்ளை,” என்று மூட்டை மாமா இன்னமும் கிண்டல் செய்வார். வெட்டிய கிளைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் அரவை இயந்திரத்தில் போடுவது அவர். எங்களுக்கு உறவெல்லாம் இல்லை; ஆனால் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து கயிறுகளையும் கொக்கிகளையும் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கயிற்றையும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரல்களுக்கிடையில் ஓடவிட வேண்டும். எங்காவது மெத்தென்று அமுங்கினால், எங்காவது பஞ்சு பிரிந்திருந்தால், அந்தக் கயிற்றுக்கு அன்றோடு ஓய்வு. பேச வேண்டிய தேவையே இல்லாத வேலை. எனக்குப் பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடும்போதுதான் அண்ணன் பேச்சை எடுத்தான்.

“திங்கட்கிழமைலேர்ந்து ஏறுறதுக்கு ஒரு ஆள் வர்றான். பேசிட்டேன். நீ ஆபீஸ்ல உக்காந்து போன் எடு. நிழல்ல இரு.”

“யாரைக் கேட்டுப் பேசினீங்க?” என்றாள் அண்ணி.

“புள்ள இருக்குல்ல.”

“புள்ள எனக்கு மட்டுமா இருக்கு? நீங்களும்தான் தினம் மரத்தடியில நிக்கிறீங்க. மேலேர்ந்து வர்றது உங்க தலையப் பாத்து ஒதுங்கிப் போகுமா?”

அண்ணன் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான். அவனுக்கு வாதாடத் தெரியாது. பிடிவாதம் மட்டும்தான் தெரியும்.

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். “நாளைக்கு அந்தக் கண்ணாடிக்கூடம் பக்கத்து மரம். அத நான் இறக்கறேன். ஒரு கண்ணாடி, ஒரே ஒரு கண்ணாடி விரிசல் விட்டாலும் நான் போன் எடுக்கப் போறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். எதுவும் உடையலன்னா நான்தான் ஏறுவேன். இனிமே இந்தப் பேச்சே வரக்கூடாது. சரியா?”

“சரி,” என்றான் அண்ணன். மழை வரும் என்று நம்பினானோ என்னவோ.

மழை வரவில்லை.

அது ஒரு நாற்றுப் பண்ணை; கண்ணாடிக்கூடம் என்பது நாற்று வளர்க்கிற கண்ணாடிக் கூரை வீடு. மரம் ஆள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பிரிவு நல்ல ஆரோக்கியம். கண்ணாடிக்கூடத்தின் பக்கம் இருந்த மற்றொன்று ஒரு பக்கம் முழுவதும் உளுத்துப்போய், தட்டினால் காலி டப்பாவைப் போல ஒலித்தது. அதைத்தான் உச்சியிலிருந்து துண்டு துண்டாக எடுக்க வேண்டும். நல்ல பிரிவு அப்படியே நிற்கும். அதனால் அண்ணி காலில் ஏறுவதற்கான இரும்பு முள் மாட்டாமல் கயிற்றிலேயே ஏறினாள். உயிரோடு நிற்கப்போகிற மரத்தைக் குத்தக் கூடாது.

பண்ணைக்குச் சொந்தக்காரரான செடிக்காரம்மா ரப்பர் பூட்சோடு வந்து நின்று என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். “உள்ள நாலாயிரம் நாத்து இருக்கு. கண்ணாடி விழுந்தா ஒவ்வொரு தொட்டியிலேர்ந்தும் சில்லு பொறுக்க முடியாது. ஆமா, ஏறப்போறது யாரு?”

“நான் ஏறினா மரம் இறங்கிடும்மா,” என்றார் மூட்டை மாமா, வயிற்றைத் தட்டிக்காட்டி. “அதனால இவங்கதான்.”

அண்ணி மெல்லிய நூல்கயிற்றின் நுனியில் கட்டிய மணல் பையை ஊஞ்சல் மாதிரி ஆட்டி மேலே எறிந்தாள். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை நல்ல பிரிவின் உயரமான கவையில் போய் விழுந்தது. அதன் பின்னால் ஏறுகயிறு போனது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் முதலில் தொங்கிப் பார்த்தாள். முழு எடையையும் போட்டு இரண்டு முறை குதித்தாள். கயிறு தாங்கியது. பிறகு நாங்கள் பேசி முடிப்பதற்குள் இலைகளுக்குள் மறைந்துவிட்டாள். பதினொரு மாதம் அவள் கால்கள் எதையும் மறக்கவில்லை.

மேலே அவள் செய்தது இதுதான். உளுத்த தண்டில், வெட்டப்போகும் இடத்துக்குக் கீழே ஒரு கப்பியைக் கட்டினாள். வடத்தின் ஒரு முனையை வெட்டப்போகும் துண்டில் இறுக்கினாள். வடம் கப்பி வழியாகக் கீழே வந்து, மரத்தடியில் கட்டியிருக்கும் இரும்பு உருளையில் மூன்று சுற்று சுற்றி, அண்ணன் கைக்குப் போகிறது. துண்டு விழும்போது கீழே இருப்பவன் வடத்தைக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். ஓடவிட்டு, மெல்ல மெல்ல நிறுத்த வேண்டும். நின்றுகொண்டு வருகிற பயணிகள் தள்ளாடாமல் பஸ்ஸை நிறுத்துகிற ஓட்டுநரைப் போல. உருளை பாரத்தை ஏற்றுக்கொள்ளும். பலம் தேவையில்லை, கைப்பக்குவம் போதும்.

“வெட்டவா?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“வெட்டு!” என்றான் அண்ணன்.

கீழே இருந்து பதில் வராமல் அவள் வெட்டமாட்டாள். அதுவும் சட்டம்தான்.

சங்கிலி ரம்பம் இரைந்தது. உச்சித் துண்டு புல்தரைப் பக்கம் சாய்ந்தது, கழன்றது, விழுந்தது. விழுந்த வேகத்தில் பாதி வழியில் டக்கென்று நின்றது. மொத்த எடையும் கப்பியைப் பிடித்து உலுக்க, தண்டு முழுவதும் வில்லாக வளைந்து திரும்பியது. அண்ணி அதோடு சேர்ந்து ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்து மோதினாள். தொங்கிய துண்டு மணியின் நாக்கைப் போல ஆடி, தண்டில் இடித்து, திரும்பி, கண்ணாடிக் கூரையைத் தன் குச்சி நுனிகளால் சரசரவென்று தடவிவிட்டுப் போனது.

எதுவும் உடையவில்லை.

அண்ணி தண்டைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

“இறங்கு!” என்று அண்ணன் கத்தினான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “போதும், இறங்குன்னு சொல்றேன்ல!”

“பொண்ணு ரொம்பப் பெருசா வெட்டிடுச்சு,” என்றார் செடிக்காரம்மா, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

“துண்டு சரியாத்தான் இருக்கு!” என்று மேலிருந்து பதில் வந்தது. “கயிறு ஏன் ஓடல?”

“ஓடிச்சு! நான் விட்டேன்!”

அவன் பொய் சொல்லவில்லை. விட்டதாகவே நம்பினான். துண்டைத் தரையில் இறக்கி முடிச்சை அவிழ்த்துவிட்டு, கையுறைகளைக் கழற்றி எறிந்தான். “நாளன்னைக்கு அந்த ஆளு வந்து பாத்துக்கட்டும்.”

நான் உருளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். புறங்கையால் அதைத் தொட்டேன். அவ்வளவு எடையோடு வடம் ஓடினால் உருளை கொதிக்கும். மூட்டை மாமா ஒருநாள் தன் சாப்பாட்டு டப்பாவை அதன் மேல் வைத்துச் சூடாக்கியவர். இப்போது அது காலைக் குழாய்த் தண்ணீரைப் போல ஜில்லென்று இருந்தது.

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் ஒரு போராட்டம். சொன்னால், வேலை கொடுத்தவர் முன்னால் அண்ணனுக்கு அவமானம். சொல்லாவிட்டால், அண்ணி கீழே இறங்கி வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள், செய்யாத தப்புக்கு.

“அண்ணா,” என்றேன்.

“என்ன?” என்று குனிந்தான். என்னிடம் பேச எல்லோரும் குனிய வேண்டும். என் குரலின் அளவு அவ்வளவுதான்.

“உருளை சூடாகல.”

அவன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையை உருளையின் மேல் வைத்தான். வைத்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை. மேலே பார்த்தான். மறுபடி உருளையைப் பார்த்தான்.

“கை விடமாட்டேங்குது,” என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. “அவ மேல இருக்கா, பெருசா ஒண்ணு விழுதுன்னதும் கை தானா இறுக்கிக்குது. முன்னல்லாம் இப்படி இல்ல. புள்ள பொறந்தப்புறம்தான்...” முடிக்காமல் நிறுத்தினான். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து இறுக்கிய பிடிதான் அவளைத் தூக்கி அடித்தது என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, மூக்கை மட்டும் சட்டைக் கையில் துடைத்தான்.

பிறகு தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான். “தப்பு என்னோடது. நான்தான் ஓடவிடல. மூட்டைண்ணே, நீங்க பிடிங்க.”

“என்னையா!” மூட்டை மாமா இரண்டடி பின்னால் போனார். “நீ பயந்தா இறுக்கிப் பிடிக்கிற. நான் பயந்தா கயித்த விட்டுட்டு வீட்டுக்கே ஓடிடுவேன். பூனைகிட்ட குடு தம்பி. அதுக்குத்தான் கை பழகியிருக்கு.”

பூனை நான்தான். வந்தாலும் போனாலும் சத்தம் கேட்காது என்று அவர் வைத்த பெயர். போன வருடம் சின்னக் கிளைகளுக்கு அண்ணி என்னை வடத்தில் நிறுத்தியிருக்கிறாள், நாற்பது ஐம்பது தடவை. இவ்வளவு எடையை நான் பிடித்ததே இல்லை.

“கீழ என்ன மாநாடு?” என்று அண்ணி கேட்டாள். “யாரு கயித்துல?”

“பாப்பா!” என்றான் அண்ணன், என்னைக் கைகாட்டி.

மேலே ரம்பத்தை இடுப்பில் மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி. மூணு சுத்து இருக்கட்டும். பயந்துபோய் நாலு போட்டுறாத, ஓடாது,” என்று வந்தது.

அண்ணனின் கையுறைகள் எனக்குப் பெரியவை. மூட்டை மாமா மணிக்கட்டில் சணல் சுற்றி இறுக்கிக் கட்டினார். வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே அண்ணி கப்பியைக் கீழிறக்கிக் கட்டி, அடுத்த துண்டில் முடிச்சைப் போட்டாள்.

“வெட்டவா?”

“வெட்டு,” என்றேன்.

“வெட்டவா?”

“வெட்டு.”

மேலே ஹெல்மெட்டும் காதுமூடியும். அறுபதடி உயரம். பள்ளியில் நான் சொல்லும் ‘வந்திருக்கேன் டீச்சர்’ முதல் பெஞ்சையே தாண்டியதில்லை. வராதவள் என்று குறிக்கப்பட்டே பாதி வருடம் போயிருக்கிறது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு மரத்தின் உச்சிக்கு நான் என்ன அனுப்புவது?

அண்ணன் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டுக் கைகளை வாயருகில் குவித்தான். “வெட்...”

“நீங்க சொல்லக் கூடாது!” என்று மேலிருந்து இடி விழுந்தது. “பிடிச்சிருக்கறவதான் சொல்லணும். என் உயிர் அவ கையில இருக்கு, உங்க வாயில இல்ல!”

“பூனை,” என்றார் மூட்டை மாமா கெஞ்சலாக, “ஒரே ஒரு தடவ புலியாயிடும்மா. சாயங்காலம் திரும்பப் பூனையாயிக்கலாம்.”

செடிக்காரம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. காலை அகட்டி ஊன்றி, முகத்தை வானத்துக்குத் தூக்கினேன்.

“வெட்டு!”

பக்கத்து வேலியிலிருந்து பறவைகள் கிளம்பிப் போயின. யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன், கையில் வடம் இல்லாமல் இருந்திருந்தால்.

ரம்பம் இரைந்தது. துண்டு சாய்ந்தது. கழன்ற கணத்தில் வடம் என் கையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. இறுக்கு, இறுக்கு என்று உடம்பு முழுவதும் சொன்னது. அண்ணனைக் கொஞ்சமும் குறை சொல்ல முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. நான் விரல்களைத் திறந்தேன். வடம் ஓடியது. உருளை முனகியது. ஓடு, ஓடு, இன்னும் ஓடு. பிறகு உள்ளங்கையை மெல்ல மூடினேன், இன்னும் மெல்ல, முழுவதுமாக. துண்டு வேகம் குறைந்து, புல்தரைக்கு ஒரு சாண் மேலே வந்து, சுற்றிச் சுற்றித் தயங்கி நின்றது. தண்டு இலேசாகத் தலையசைத்ததோடு சரி.

மேலே அண்ணி அசையக்கூட இல்லை. “ஆங்!” என்றாள். “அதான்! அதான் வேணும்!”

அண்ணன் உருளையைத் தொட்டுவிட்டு “ஸ்ஸ்” என்று விரலை வாயில் வைத்துக்கொண்டான். வலித்த முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது.

அதன் பிறகு வேலைக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. வெட்டவா, வெட்டு, இறக்கு, அவிழ். அண்ணன் துண்டை அவிழ்த்துத் தள்ளினான், மூட்டை மாமா இழுத்துக்கொண்டு போனார். மூன்றாவது துண்டு வரை அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் மேலே பார்த்தான். ஆறாவதில், “இதுல இன்னும் ஒரு முழம் ஓட விட்டிருக்கலாம்,” என்று எனக்கே புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

ஏழாவது துண்டு முடிந்ததும் அண்ணி சரசரவென்று இறங்கி வந்தாள். சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. “மணி பதினொண்ணு. என் முதலாளிக்குப் பசிக்கிற நேரம்,” என்றாள். செடிக்காரம்மா ஒன்றும் கேட்காமல் விதை மூட்டைகள் இருந்த அறையைத் திறந்து நாற்காலி போட்டு, கதவைச் சாத்தி, காவலுக்கு வெளியில் நின்றார். அண்ணி பாலைப் பீய்ச்சிப் புட்டியில் எடுத்துக்கொண்டு வர, அண்ணன் அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு அரைமணி நேரத்தில் திரும்பி வந்தான். அண்ணி பட்டையை மறுபடி மாட்டினாள். நான் மறுபடி எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து முதுகில் தட்டினேன்.

கடைசித் துண்டுதான் பெரியது. அண்ணியும் நானும் சேர்ந்தால் வருகிற எடையைப் போல ஐந்து மடங்கு இருக்கும். பாதி உள்ளே காலி. எப்போது முறியும் என்று மரத்துக்கே தெரியாது.

“இது சொல்லாம வரும்,” என்று அண்ணி கத்தினாள். “தயாரா இரு! வெட்டவா?”

“வெட்டு!”

ரம்பம் பாதிகூடப் போகவில்லை. படீரென்று ஒரு சத்தம். தண்டு தானாகவே பிளந்து, சாய வேண்டிய பக்கம் சாயாமல் பாதி சுழன்று, அடிப்பாகத்தைக் கண்ணாடிக்கூடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் நிறுத்தியிருந்தால் ஆடிப்போய்க் கூரைக்குள் நுழைந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. கையை முழுவதுமாகத் திறந்துவிட்டேன். வடம் சீறிக்கொண்டு ஓடியது, கையுறைத் தோல் தீய்ந்த வாடை வந்தது, துண்டு ஆட நேரமில்லாமல் நேராகக் கீழே பாய்ந்தது. கூரையின் மட்டத்தைத் தாண்டியதும் மூடினேன். பின்னால் சாய்ந்து, குதிகாலைப் புல்லில் புதைத்து, பல்லைக் கடித்து மூடினேன். துண்டு தரையைத் தொட்டது. தும் என்றது, ஒரு மூட்டையை இறக்கி வைத்த அளவுக்கு. அதற்கும் கண்ணாடிச் சுவருக்கும் நடுவில் மூட்டை மாமா ஒருக்களித்துப் போகலாம். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால்.

செடிக்காரம்மாதான் முதலில் கை தட்டினார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் யார் யாரோ தட்டினார்கள். அவ்வளவு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வழக்கமாக அவ்வளவு பேரைப் பார்த்தால் நான் வண்டிக்குப் பின்னால் போய்விடுவேன். அன்று கால் நகரவில்லை. வடத்தைப் பிடித்துக்கொண்டு நடுவிலேயே நின்றேன்.

அண்ணி இறங்கி வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் தலையைப் பிடித்துத் தன் தலையோடு மோதிக்கொண்டாள். டொங் என்றது. பிறகு அண்ணன் முன்னால் போய் நின்று, இடுப்பில் கையை வைத்தாள்.

அண்ணன் போனை எடுத்தான். “தம்பி, நான்தான், மர வேலை... ஆமா, திங்கட்கிழமை வர்றதாச் சொன்னீங்கல்ல. எங்களுக்கு ஏற ஆள் இருக்கு. ஊர்லயே பெரிய ஆள். என் வீட்டம்மா.” கொஞ்சம் கேட்டுவிட்டு அவன் முகம் சங்கடப்பட்டது. போனைக் கையால் மூடினான். “பழைய வேலைய விட்டுட்டானாம். பாவமா இருக்கு.”

அண்ணி போனைப் பிடுங்கினாள். “வாங்க. ரெண்டாவதா ஏற எனக்கும் ஒருத்தர் வேணும். ஆனா என் குழு, நான் சொல்றதுதான் முறை, ஒத்துக்குவீங்களா? நல்லது. உங்க எடை என்ன?” கேட்டுக்கொண்டாள். “எண்பத்தி ரெண்டா? எதுக்கா? மேல நீங்க மயங்கிட்டீங்கன்னா உங்களத் தூக்கிட்டு வரப்போறது நானுங்க.”

அவள் தன் கைகளை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

“பரவால்ல, வாங்க. இறக்கிடுவோம்.”